28,500 ரூபாய் போச்சு: காலேஜ் சீட் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்

28,500 ரூபாய். இரண்டு நாளாக இந்தக் கணக்கைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை. பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கும் ஓர் அட்மிஷன் ஆலோசனை அலுவலகத்தில் கொடுத்து ஏமாந்தேன். பெயரைப் போட்டால் அதை நடத்துகிறவர் கேஸ் போடுவாராம். அதனால் பெயரை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டை. மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். சின்ன வயதிலிருந்தே அன்னங்கோவில் கரையில் வலையிலிருந்து உதறிப் போடும் நண்டையும் சிப்பியையும் பொறுக்கி வந்து பாட்டிலில் வைப்பாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் எங்கள் ஊரில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விலங்கியல் முடித்துவிட்டு ஒருநாள் அதற்குள் போகவேண்டும் என்பது அவள் ஆசை.

எங்கள் பக்கத்திலிருந்து கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபர்தாவோடு நிம்மதியாகப் படிக்க வேண்டும், விடுதியில் ஹலால் சாப்பாடு, தொழ ஒரு மூலை. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. மச்சான், அதாவது என் கணவர், சிங்கப்பூரில் கடையில் நிற்கிறார், அதற்கு மேல் முடியாது. திருச்சி ஜமால் முகமது பற்றிப் பேசினோம், தூரம் என்று தள்ளிப்போட்டோம். அப்போதுதான் தெரிந்த ஒருவர் இந்த மாடியைச் சொன்னார்.

போன அன்று அஸர், அதாவது மாலைத் தொழுகை நேரம் ஆகிவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்த அந்த மனிதர், “முதல்ல தொழுதுட்டு வாங்க லாத்தா, பேச்சு எங்க ஓடிப்போகுது” என்று உள் அறையில் தன் கையாலேயே முசல்லாவை, தொழுகை விரிப்பை, விரித்துக் கொடுத்தார். பாண்டியில் ஒரு அலுவலகத்தில், அக்காவை எங்கள் வீடுகளில் அழைக்கும் லாத்தா என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. நான் விழுந்த இடம் அந்த முசல்லாதான். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் தலையாட்டினேன்.

சென்னையில் முஸ்லிம் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் கல்லூரி, விலங்கியல், விடுதியோடு சேர்த்து முப்பத்தைந்தாயிரம். “அரசியல் சட்டம் 30-ஆவது பிரிவுல நமக்குன்னு இடம் இருக்கு லாத்தா, மைனாரிட்டி கோட்டா நம்ம கையிலதான் இருக்கு” என்றார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே, அதைக்கூட ஏதோ தன் சிபாரிசில் வாங்கித் தருவதைப் போலப் பேசினார். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்ணுக்கு அரசாங்கமே கொடுக்கிற பணம் அது! எனக்கே தெரியும். இருந்தும் வாய் திறக்கவில்லை.

பதிவுக்கு 3,500, சீட்டைப் பிடித்து வைக்க 25,000. ஆக 28,500. கல்லூரிக் கணக்குக்கு அனுப்பவா என்று மகள் கேட்டாள். “அது லேட்டாகும்மா, என் நம்பருக்கே போடு” என்றார். போட்டோம். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு, அதில் முத்திரை கிடையாது. மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினல் இரண்டையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். அரசுக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாமா என்றதற்கு, “ரெண்டு இடத்துல போட்டா இங்க கேன்சல் ஆயிடும்” என்றார். 50 ரூபாய்க் கட்டணத்தில் ஆன்லைனில் முடிந்திருக்கும் வேலை. அதையும் கெடுத்தார்.

பிறகு போன் படலம். முதலில் லிஸ்ட் வரவில்லை. அப்புறம் சர்வர் பிரச்சினை. அப்புறம் பக்ரீத் முடியட்டும் லாத்தா. பக்ரீத் முடிந்தது, எடுத்தது அலுவலகத்துப் பெண்: “சார் மீட்டிங்ல இருக்காங்க.” வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் மகளே அந்தக் கல்லூரியின் லேண்ட்லைனைத் தேடி அழைத்தாள். நாங்கள் ஏஜெண்ட் யாரையும் வைத்துக்கொள்வதில்லை, மைனாரிட்டி இடங்களையும் நாங்களேதான் நிரப்புகிறோம், விலங்கியல் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் பெயரில் விண்ணப்பமே போகவில்லை.

நேரே போய் நின்றேன். லாத்தா போய் ‘மேடம்’ வந்துவிட்டது. பெங்களூரில் பாராமெடிக்கல் டிப்ளமோ இருக்கிறது, கட்டிய பணத்தை அதில் கழித்துக்கொள்ளலாம் என்றார். நண்டு பிடிக்கிற பெண்ணுக்கு எக்ஸ்ரே! பணம் கேட்டால் ஆடிட்டர் வரவேண்டுமாம். சர்டிபிகேட் கேட்டால் இன்னும் 5,000 கட்ட வேண்டுமாம்.

போலீஸுக்குப் போனால் இங்கே, பணம் கொடுத்தது பாண்டியில்தானே என்கிறார்கள். அங்கே, நீங்கள் தமிழ்நாடு, ஜிபே போட்டதும் உங்கள் போனில்தானே என்கிறார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கவேண்டும், அதற்கு ஜீரோ எஃப்ஐஆர் என்று பெயர். இதை ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் அடித்துப் புகார் பதிந்தேன். ஆனால் பணம் போன உடனே அடித்திருக்க வேண்டும், நான் அடித்தபோது ஒரு மாதம் தாண்டிவிட்டது.

என்னென்ன பார்த்துச் சேர்க்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விடாதீர்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். ஹலால் சாப்பாடா, தொழ இடம் உண்டா என்பதைக் கல்லூரி விடுதி வார்டனிடமே கேளுங்கள், அதற்கு நடுவில் ஆள் தேவையில்லை. அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை எப்படியும் போட்டு வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

வியாழக்கிழமை சி.முட்லூர் அரசுக் கல்லூரிக்குப் போய்க் காலியிடம் ஏதாவது உண்டா என்று கேட்கப் போகிறோம். டி.சி. கேட்பார்கள். அது இன்னும் அந்த மாடியில், பூட்டிய பீரோவில் இருக்கிறது.