கையில் காசா, வரியில் தள்ளுபடியா?

வெளிநாட்டு நிறுவனத்தை இழுக்க நேரடி மானியம் தரலாம், வரிச்சலுகையும் தரலாம். எது நல்லது என்ற குழப்பம் பலருக்கு உண்டு.

செலவு
மானியம்: தொகை முன்கூட்டியே தெரியும். பட்ஜெட்டில் கண்ணுக்குத் தெரிவதால் சட்டமன்றம் கேள்வி கேட்க முடியும்.
வரிச்சலுகை: இன்று கஜானாவிலிருந்து எதுவும் போகாது. ஆனால் பல வருடம் வர வேண்டிய வருமானம் சத்தமில்லாமல் குறையும்.

வேலைக்கு உத்தரவாதம்
மானியம்: கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் 2008-ல் நோக்கியா தன் கைபேசி ஆலையை மூடி உற்பத்தியை ருமேனியாவுக்கு மாற்றியது. சுமார் 2,300 பேர் வேலை இழந்தார்கள். அரசு உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது.
வரிச்சலுகை: ஆள் எடுத்த பிறகுதான் சலுகை என்று ஒப்பந்தத்தில் எழுதினால் பாதுகாப்பு அதிகம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2017-ல் தைவான் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கான் சொன்னது 13,000 வேலை. அது நடக்கவில்லை. 2021-ல் ஒப்பந்தம் 1,454 வேலைக்குச் சுருங்கியது, சலுகையும் சுமார் 300 கோடி டாலரிலிருந்து 8 கோடியானது. ஆனால் நிலத்துக்கும் சாலைக்கும் உள்ளூர் நிர்வாகம் செலவழித்தது செலவழித்ததுதான். அதுதான் எனக்கு வேதனை.

நிர்வாகம்
இரண்டுக்கும் கண்காணிப்பு வேண்டும்.

சரி, எது யாருக்கு? லாபம் வரவே சில வருடம் பிடிக்கும் புதிய ஆலைக்கு வரிச்சலுகை உடனே உதவாது. அங்கே மானியம் சரி, ஆனால் வேலைக் கணக்குப்படி தவணையாகத் தர வேண்டும். ஏற்கெனவே லாபத்தில் ஓடும் பெரிய நிறுவனத்துக்கு, காலக்கெடு வைத்த வரிச்சலுகையே போதும்.