சூட்டில் நின்றுபோகும் பழைய பெட்ரோல் கார்: காரணத்தைப் பிடித்த விதம்

என்னிடம் இருப்பது 2004 மாடல் பெட்ரோல் கார். 1.1 லிட்டர், நாலு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கும் எம்பிஎஃப்ஐ வகை. 15 வருடம் முடிந்ததும் ஆர்சியைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, இன்றைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போக இதைத்தான் எடுக்கிறேன். இத்தனை வருடத்தில் இது கொடுத்த ஒரே பெரிய தொல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துபோவது. காலையில் பிரச்சினையே இருக்காது. ஊருக்குள் ஓட்டினால் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கோடையில் பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டி, டீ குடிக்க நிறுத்தி, மறுபடி எடுத்தால் சில நிமிடத்தில் படக்கென்று ஆஃப். செல்ஃப் அடித்தால் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும்.

இந்த மாதிரி வந்து போகும் கோளாறுக்கு ஷெட்டில் மருந்து கிடைப்பது கஷ்டம். கொண்டுபோய் விடும்போது இன்ஜின் ஆறியிருக்கும், வண்டி ஒழுங்காக ஓடும். ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்ப் போச்சு என்றார். இன்னொருவர் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் என்றார். ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவையே மாற்றச் சொன்னார். மூன்றுமே நடக்கக்கூடியவைதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோளாறு நடக்கும்போது பார்க்காமல் ஒரு பாகத்தைக்கூட மாற்றுவதில்லை என்று நான் உறுதியாக இருந்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது இதுதான்: வண்டி எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி உடனே சாகாது. முதலில் பிக்கப் குறையும், ஜெர்க் அடிக்கும், மேட்டில் திணறும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், அப்புறம்தான் அணையும். சிக்னலில் காலை எடுத்தவுடன் அணைந்து, உடனே ஸ்டார்ட் ஆனால், இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியிலோ ஐடில் வால்விலோ கரி சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதோ சாவியை அசைத்தாலோ அணைந்தால் வயரிங், எர்த், இக்னிஷன் சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். என் வண்டி இதில் எதிலும் சேரவில்லை. ஒரு திணறல்கூட இல்லாமல், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

இன்னொரு அடையாளம், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள். கியரில் ஓடும்போது இன்ஜின் அணைந்தாலும், கிளட்ச் மிதிக்காதவரை சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்க வேண்டும். என் வண்டியிலோ கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் போய் விழுந்தது. அப்படியென்றால் இன்ஜின் சுற்றுவதே ஈசியுவுக்குத் தெரியவில்லை.

திருச்சியிலிருந்து சென்னை போகும் வழியில், பாடாலூர் தாண்டி மறுபடி நின்றபோது எல்லாம் தெளிவானது. ஓரம்கட்டி, ஹசார்ட் லைட் போட்டு, பானட்டைத் திறந்தேன். சாவியை ஆன் செய்தால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று ஓடி நின்றது. செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஆக ஈசியுவுக்குக் கரண்ட் இருக்கிறது, மெயின் ரிலே வேலை செய்கிறது. செல்ஃப் அடிக்கும்போது வழக்கமாகச் சற்று எழும் ஆர்பிஎம் முள் அசையவே இல்லை. கையில் இருந்த உபரி ஸ்பார்க் பிளக்கை ஒயரில் மாட்டி இன்ஜினில் எர்த் படும்படி வைத்து, மனைவியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாசனையே இல்லை.

பம்ப் ஓடுகிறது, ஆனால் பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் பெட்ரோல் அடிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் போனால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு இருக்க வேண்டும். கிராங்க் சென்சார். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் தண்டு, எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஈசியுவுக்குச் சொல்வது அதுதான். அந்தத் தகவல் வராவிட்டால் எப்போது பொறி போடுவது, எப்போது பெட்ரோல் அடிப்பது என்று ஈசியுவுக்குத் தெரியாது. கைத்துண்டைக் குடிநீரில் நனைத்துச் சென்சார் மேல் வைத்து, நீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சில நிமிடத்தில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட். (செய்வதானால் சூடான சைலன்சர் பக்கமும் பெல்ட் பக்கமும் கையைக் கொண்டுபோகாதீர்கள்.)

டீ இடைவேளைக்கு அப்புறம் ஏன் வந்தது என்பதும் இதில் புரிகிறது. ஓடும்போது கூலண்ட் சுற்றும், காற்று அடிக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜின் பிளாக்கில் தேங்கிய சூடு பானட்டுக்குள்ளேயே பரவி, ஓடும்போது இருந்ததைவிட அங்கங்கே கூடிவிடும். சென்சார் அந்தப் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. உள்ளே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். வருடக்கணக்கில் சூடாகி ஆறி எங்கோ விட்டுப்போன கம்பி, சூட்டில் விரியும்போது பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

வீட்டில் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். ஆறியிருக்கும்போது ஓம் நிலையாகக் காட்டியது. முடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கியதும் எண் ஏறி, குதித்து, கடைசியில் இணைப்பே இல்லை என்று காட்டியது. இந்தச் சோதனை இரண்டு ஒயர் சுருள் வகைக்கு மட்டும்தான். உள்ளே மின்னணுச் சுற்று இருக்கும் மூன்று ஒயர் ஹால் வகையை இப்படி ஓமில் பார்க்கக் கூடாது.

ஈசியுவில் பதிந்த கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனர் ஏன் காட்டவில்லை என்று கேட்கலாம். சென்சாரிலிருந்து எதுவுமே வராவிட்டால், இன்ஜினை நிறுத்திவிட்டார்கள் என்றே பல பழைய ஈசியுக்கள் எடுத்துக்கொள்ளும், கோட் பதியாது. பதிந்தாலும் யாராவது பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் அழிந்துவிடும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரிஜினல் சென்சாரே வாங்கிப் போட்டேன். பம்ப் விலையோடு பார்த்தால் சின்னத் தொகை. ஒயர் மாட்டும் கப்ளரில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, சைலன்சருக்கு அருகில் தொங்கிய ஒயரைத் தள்ளிக் கட்டினேன். அதற்கப்புறம் எத்தனையோ கோடைப் பயணம் போயாகிவிட்டது, சூட்டில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நடுவில் ஏசி போட்டுச் சிக்னலில் நின்றால் அணையும் பழக்கம் வந்தது. அது வேறு. உடனே ஸ்டார்ட் ஆனது, முள்ளும் மெதுவாகத் தாழ்ந்துதான் விழுந்தது. திராட்டில் பாடியைக் கிளீனர் அடித்துத் துடைத்ததோடு சரியாகிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2004 வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய டேங்க் கசடையும் கரைத்துக் கிளப்பும் என்பதால் பெட்ரோல் பில்டரை முன்பைவிடச் சீக்கிரமே மாற்றுகிறேன், குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் தடவிப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம்கட்டுங்கள். சாவியை முழுக்க ஆஃப் செய்து உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கோளாறு பிடிபடும்வரை கண்டெய்னர் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலைக்கு அந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊருக்குள்ளேயே சூடேறும்வரை ஓட்டிக் காட்டுங்கள்.