ரப்பர் மேட்டுக்கு எந்த பாட்டில்? ஷாம்பு, பாலிஷ், புரொடெக்டன்ட் பற்றி ஒரு ரிவ்யூ

வாட்டர் வாஷ் முடிந்து வரும் வண்டியில் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது கறுகறுவென்று மின்னும் மேட். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உட்கார்ந்து கிளட்சை ஒருமுறை மிதித்துப் பாருங்கள்: குதிகால் ஊன்றிய இடத்தில் நிற்காமல் முன்னால் வழுக்கும். மழைநாளில் செருப்பும் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். டேஷ்போர்டுக்கு அடித்த சிலிக்கான் பாலிஷை, அதே துணியால் மேட்டிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, அந்த பாட்டில்களே வேண்டாம் என்கின்றன. ஆர்மர் ஆல் ஒரிஜினல் புரொடெக்டன்ட் (ரப்பர், பிளாஸ்டிக் வெயிலில் கெடாமல் காக்கும் பூச்சு) பாட்டிலின் பின்பக்கத்தில் தரை, பைக் சீட், பெடல், ஹேண்டில் பிடி ஆகியவற்றில் போடாதீர்கள், வழுக்கும் என்று அச்சிட்டிருக்கிறது. பளபளப்பே இல்லாத 303 ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்டும் தரைப்பரப்புக்கு உகந்ததல்ல என்று தன் லேபிளில் சொல்கிறது. பொடி எழுத்து என்பதால் யாரும் படிப்பதில்லை.

ஆகவே ரேட்டிங்கை முதலிலேயே சொல்லிவிடலாம். ரப்பர் மேட்டுக்கு வாங்க வேண்டியது ஒரு கார் ஷாம்பு, நடுத்தர விறைப்புள்ள ஒரு நைலான் பிரஷ், ஒரு பழைய டூத் பிரஷ். இந்த மூன்றுக்கும் முழு மார்க். புரொடெக்டன்ட் இல்லாவிட்டாலும் குறையில்லை. சிலிக்கான் பாலிஷ் டயரின் பக்கச்சுவரோடு நிற்கட்டும்.

வாங்கும் முன் உங்கள் மேட் ரப்பர்தானா என்று பாருங்கள். கடையில் 7டி என்று விற்பது ஃபோம் மேல் ஒட்டிய பிவிசி லெதர். நூடுல்ஸ் போலச் சுருள் சுருளாக இருப்பதும் பிவிசிதான். ஓரம் தூக்கிய தட்டு மாதிரி வருபவை பெரும்பாலும் டிபிஇ என்கிற, ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக். கனமாக, ரப்பர் வாடையோடு, சுருட்டினால் தானே விரிந்துகொள்வதுதான் அசல் ரப்பர். கழுவும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. டிபிஇ, பிவிசி தட்டுகளைச் சுடும் சிமெண்ட் தரையில் காயப்போட்டால் மட்டும் கோணிக்கொள்ளும். அதன்பின் ஓரம் தரையோடு படியாது.

கழுவுவதில் பாதி வேலை தண்ணீர் படும் முன்பே முடிந்துவிட வேண்டும். மேட்டை வெளியே எடுத்து, கவிழ்த்து, சுவரில் நாலு தட்டு தட்டுங்கள். பள்ளங்களில் இருக்கும் மணலை உலர்ந்த பிரஷால் தள்ளுங்கள். ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்வந்த வண்டி என்றால் இந்தப் படியை விடவே கூடாது: மணலோடு சேர்த்துத் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். செம்மண்ணை நனைத்தாலோ சேறாகிப் பள்ளத்தின் அடியில் அப்பிக்கொள்ளும்.

5 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 25 மில்லி கார் ஷாம்பு போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, அந்த இடத்தில் மட்டும் அடித்து, 2 நிமிடம் விட்டுத் தேய்க்கலாம். காய விடக் கூடாது. பள்ளம் போகிற திசையிலேயே பிரஷ் போக வேண்டும். அடிப்பக்கத்து முளைகளுக்கிடையே டூத் பிரஷ். கம்பி பிரஷ் கூடவே கூடாது. பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் ஒரு அடி தள்ளியே பிடியுங்கள். குதிகால் ஊன்றும் இடத்தில் ஒட்டியிருக்கும் பட்டையின் ஓரத்தில் நாசிலை நேராக வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். பாத்திரம் கழுவும் திரவத்தாலும் கழுவலாம், பாதகமில்லை. துணி சோப்புத் தூள் வேண்டாம்: காரம் அதிகம், கரையாத துகள் பள்ளத்தில் தங்கி வெள்ளையாகக் காயும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்.

அந்த வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பாலிஷ் விற்பனையே அதை நம்பித்தான் நடக்கிறது. ஈரமாக இருக்கும்போது கறுப்பாக இருந்த மேட் காய்ந்ததும் சாம்பல் பூத்துப்போனால், ரப்பர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பாலிஷ் போடுகிறார்கள். பெரும்பாலும் அது போர் தண்ணீரின் உப்பும் அலசாத சோப்பும்தான். ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்துத் துடைத்து, ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீரோ உப்பில்லாத நல்ல தண்ணீரோ (ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர் அல்ல) ஒரு பக்கெட் கிடைத்தால் இந்தத் தொல்லையே வராது.

வினிகருக்கும் அந்த வெள்ளை போகாவிட்டால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது காற்றிலுள்ள ஓசோன் வாயு அரிக்காமலிருக்க ரப்பருக்குள் கலந்திருக்கும் தடுப்புப் பொருள் மேலே வந்து நிறம் மாறியிருக்கிறது. இரண்டாவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அது ரப்பரைக் காக்கத்தான் மேலே வருகிறது. கழுவக் கழுவப் பளிச்சென்று கறுப்பு இறங்கிக்கொண்டே இருந்தால் மேல்தோல் மாவாகிவிட்டது. அதோடு மடிக்கிற இடத்தில் பொடி வெடிப்புகளும் தெரிந்தால் எந்த பாட்டிலும் சரிசெய்யாது, மாற்ற வேண்டியதுதான். ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் உடைத்துக்கொண்டே போவதால் வரும் வெடிப்பு அது. இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் முதலில் காணும். மேட்டை மடித்து டிக்கியில் போட்டு வைக்காதீர்கள் என்பதற்குக் காரணமும் இதுவே.

இனி புரொடெக்டன்ட். 303 பால் போல வெள்ளையாக இருக்கும், தண்ணீர் அடிப்படையிலானது, வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதற்கென்றே செய்தது. காய்ந்தபின் மினுக்காது. காரில் அதற்கான இடம் கதவு ரப்பர் பட்டை, டேஷ்போர்டு, பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் போன்றவை. மேட் கிடக்கும் இடத்தில் வெயில் எவ்வளவு விழப்போகிறது? அதனால் பொருளுக்கு நல்ல மார்க், மேட்டுக்கு அது தேவையா என்ற கேள்விக்குக் குறைந்த மார்க். வெதர்டெக் தன் மேட்டுகளுக்கென்றே டெக்கேர் என்ற பெயரில் கிளீனர் ஒன்றும் புரொடெக்டர் ஒன்றும் விற்கிறது. இறக்குமதி விலை கொடுத்து வாங்குவதானால் கிளீனரைவிட்டு புரொடெக்டரை மட்டும் யோசிக்கலாம், கழுவுகிற வேலையை உள்ளூர் ஷாம்பு செய்துவிடும்.

ஆசைக்குப் போடுகிறேன் என்பவர்களுக்கு: பின்சீட்டு மேட்டுகளிலும், முன்பக்கப் பயணி மேட்டின் தூக்கிய ஓரங்களிலும் மட்டும். டிரைவர் மேட்டில் ஒரு சொட்டும் கூடாது. மேட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், நிழலில் செய்ய வேண்டும். மேட்டின் மேல் நேராக அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் எடுங்கள். மூன்று மேட்டுக்கும் சேர்த்து 15 மில்லிக்கு மேல் போனால் அதிகம். உடனே இன்னொரு உலர்ந்த துணியால், கையில் பிசுபிசுப்பு இல்லாதவரை துடைத்தெடுங்கள். அடிப்பக்கத்தில் எதையும் தடவாதீர்கள். மேட் கார்பெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த முளைகளால்தான்.

பாட்டில் இல்லாமல் சிலர் செய்யும் கைவைத்தியத்துக்கு மைனஸ் மார்க். டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அன்றைக்கு மேட் புதிது போலக் கறுக்கும். எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும். மேல்பக்கம் உப்பி அடிப்பக்கம் அப்படியே இருப்பதால் மேட் கோணிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஊரிலுள்ள தூசியெல்லாம் அதில் வந்து உட்காரும். மெடிக்கல் ஷாப் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தடவுவது ரப்பரைக் கெடுக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் சென்னை மாதிரி ஊரில் மேட் எப்போதும் நசநசவென்றிருக்கும், வழுக்கவும் செய்யும்.

ஏற்கெனவே சிலிக்கான் போட்டுவிட்டார்களா? வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்குப் பாத்திரத் திரவம் 10 மில்லி கலந்து, பிரஷால் தேய்த்து அலசுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் இன்னும் இருக்கிறது, இன்னொரு முறை தேய்க்க வேண்டும். பரப்பில் தட்டையாகப் பரவினால் போய்விட்டது. பெடல் ரப்பர்களையும் அதே தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள், ஸ்ப்ரே அங்கேயும் பட்டிருக்கும்.

காயவைப்பது நிழலில், கொடியில் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம். மேல்பக்கம் காய்ந்ததும் எடுத்துப் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. அடியில் தங்கிய ஈரம் கார்பெட்டுக்கு இறங்கும். ரப்பர் மேலே மூடியிருப்பதால் அது வெளியேற வழியில்லை. நாலு நாளில் ஏசி போட்டதும் புழுங்கிய துணி வாடை வரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் தரைத் தகடே துருப்பிடிக்கும். திரும்பப் போடும் முன் கார்பெட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இரவு முழுக்க மேட் இல்லாமலே விடுங்கள்.

மாட்டும்போது டிரைவர் மேட்டின் ஓட்டை தரையிலுள்ள கொக்கியில் உட்கார்ந்து திருகிப் பூட்டியாக வேண்டும். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் காரில், வேறு மாடலுக்கான ரப்பர் மேட் பூட்டாமல் கிடந்து, ஆக்சிலரேட்டர் பெடல் அதில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிக்காரர்களிடம் டிரைவர் மேட்டை எடுத்துவிடச் சொன்னது. பழைய மேட் மேல் புதிய மேட்டைப் போடுவதும் இதே வகை ஆபத்துதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து விடுங்கள். மேட்டில் எங்கும் தட்டாமல் தானே மேலே வந்தால் கதவைச் சாத்தலாம்.