இலையைப் பார்த்து வாங்கிய கன்றுகள்: ஒரு நாற்றுமேடை பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள ஒரு நாற்றுமேடையில், சென்ற மாரிமழை தொடங்கியபோது கறுத்தக் கொழும்பான் ஒட்டுமா இரண்டும், பலா, விதையில் வளர்த்த முருங்கை, தேசி (எலுமிச்சை) ஆகியவற்றில் ஒவ்வொன்றும் வாங்கினேன். ஒட்டுக்கட்டு நன்றாகப் பொருந்தியிருந்தது, இலைகளிலும் குறையில்லை.

குறை பைக்குள் இருந்தது. நடுவதற்காகப் பொலித்தீனைக் கிழித்தபோது, இரு மாங்கன்றுகளின் ஆணிவேரும் அடியைத் தொட்டு, வளைந்து, இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தன. விற்றவரிடம் கேட்டேன். "நட்டாப் பிறகு அது தன்பாட்டில நிமிரும் அண்ணை" என்றார். நிமிராது. விதையின் முளைவேரே ஆணிவேராகிறது. அதன் நுனியிலுள்ள வேர்மூடியின் கலங்களில் மாப்பொருள் மணிகள் புவியீர்ப்பால் கீழே படிவதைக் கொண்டே வேர் தன் திசையை அறிகிறது. நீளுவதும், வேர்மயிர்களால் நீரை உறிஞ்சுவதும் நுனியை அடுத்த சிறு பகுதியில்தான் நிகழ்கின்றன; அதற்கு மேலுள்ள முதிர்ந்த பகுதி தடித்து, நீரைக் கடத்தி, மரத்தைத் தாங்குகிறது. ஆகவே புதிய நுனி கீழ்நோக்கித் திரும்பினாலும், தடித்துவிட்ட சுருள் அப்படியே நின்று, பருக்கப் பருக்கத் தன்னையே நெரிக்கும். மழைநீர் நில்லாத நமது கடற்கரை மணலில், கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஆழத்து ஈரத்தை எட்டவேண்டியது இந்த வேரே.

சுருளைக் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு நட்டேன். வெட்டுக்கு மேலே உள்ளிருந்து பக்கவேர்கள் வெடித்து வரும், அவற்றுள் சில கீழே இறங்கும் என்பது நம்பிக்கை. ஒன்று பிழைத்தது, மற்றது ஆனியில் கருகியது.

பலா நீண்ட பையில் இருந்ததால், அதன் வேர் கலையாமல் மண்ணில் இறங்கியது. முருங்கையின் ஆணிவேர் முள்ளங்கிபோல் பருத்து நீரையும் உணவையும் சேர்த்து வைத்திருந்தது; போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டால் கிடைக்காத வசதி இது. தேசியோ பதியக் கன்று. தண்டிலிருந்து கிளம்பிய வேர்களேயன்றி அதற்கு ஆணிவேர் கிடையாது. மதிலோரத்தில் நீரூற்றி வளர்ப்பவருக்கு அது போதும். காற்றடிக்கும் வெளியில் நடுவோருக்குச் சொல்லி விற்றிருக்கவேண்டும், சொல்லவில்லை.

பலாவுக்காக மீண்டும் அங்கே செல்வேன். மாவுக்குப் போவோர் இலையை விட்டுப் பையின் அடியைப் பார்க்கவேண்டும். துளைகளின் வழியே தடித்த வேர் வெளியே வந்திருந்தால், அக்கன்று பையில் அதிக காலம் இருந்துவிட்டது. நான் இம்முறை மாங்கொட்டையைக் குழியிலேயே முளைக்கவிட்டிருக்கிறேன். ஒட்டுக்கட்ட மட்டும் அவர்களை அழைப்பேன்.