தண்டனை எதற்கு? கிளியோன், டியோடோடஸ், பிளேட்டோ

கி.மு. 427. கிரேக்க நகர அரசான ஏதென்ஸை எதிர்த்துக் கிளர்ந்த அதன் கூட்டாளி நகரம் மிட்டிலினி பணிந்துவிட்டது. வயது வந்த ஆண்களை எல்லாம் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்குவது என ஏதென்ஸின் மக்களவை முடிவெடுத்துக் கப்பலையும் அனுப்பியது. மறுநாளே மனம் உறுத்த, மீண்டும் கூடி விவாதித்தார்கள்.

ஏதென்ஸின் செல்வாக்குமிக்க அரசியல்வாதி கிளியோன் விட்டுக்கொடுக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் தண்டித்தால்தான் அது குற்றத்துக்கு ஈடாகும், மற்ற நகரங்களுக்கும் பாடமாகும் என்றார். ஒரு கொடூர வழக்கு வெளிவந்ததும் 'உடனே தூக்கில் போடு' என்று எழும் குரலும் இதேதான். அதற்குள் இருக்கும் வலி உண்மையானது, வழிதான் தவறு.

அவரை எதிர்த்துப் பேசிய டியோடோடஸ் இரக்கம் கேட்கவே இல்லை. தண்டனையைக் கூட்டிக் கூட்டி மரணம் வரை வந்தாயிற்று, குற்றம் நின்றதா என்று கேட்டார். ஆசை முன்னே போகிறது, தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை பின்னே போகிறது. பயத்துக்கு அங்கே இடமில்லை. பணிந்தாலும் சாவுதான் என்றால் அடுத்துக் கிளர்பவன் கடைசிவரை பணியமாட்டான் என்பது அவருடைய இன்னொரு வாதம். பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை விதித்தால், சாட்சி சொல்லக்கூடிய பெண்ணையே கொல்லத் தூண்டும் என்று இன்று எச்சரிப்பவர்கள் சொல்வதும் இதைத்தான்.

சிறிய வித்தியாசத்தில் அவர் பக்கம் வென்றது. முதல் உத்தரவைத் தடுக்க அனுப்பிய இரண்டாவது கப்பலின் துடுப்பாளர்கள் மதுவும் எண்ணெயும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்று, முறைவைத்துத் தூங்கி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்களை நிதானமாக விசாரியுங்கள் என்ற அவருடைய கோரிக்கை தோற்றது. ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் கொல்லப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார்.

என் தேர்வு டியோடோடஸ்தான். அவரிடமும் ஒரு ஓட்டை உண்டு: நீதியைப் பேசாமல் ஏதென்ஸின் நலனை மட்டுமே பேசினார். நாளை கொடுமைதான் லாபம் என்றால் அவர் வாதம் அதைத் தடுக்காது.

அந்த இடத்தில் தத்துவஞானி பிளேட்டோ கைகொடுப்பார் என்று தோன்றும். அநீதி ஆன்மாவின் நோய், தண்டனை அதற்கு மருந்து என்றவர் அவர். ஆனால் 'சட்டங்கள்' நூலில், குணமாகாதவர்களுக்கு மரணம் என்கிறார். குணமாகாது என்று யார் சொல்வது? 1980-இல் மரண தண்டனை பற்றிய பச்சன் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுதான் ஆதாரத்தோடு காட்டவேண்டும் என்றது. 2022-இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் மனநிலை மதிப்பீட்டையும் சிறை நடத்தை அறிக்கையையும் பெறச் சொன்னது. இவை இல்லாமல் எழுதப்படும் 'திருந்தாதவர்' என்ற தீர்ப்பு, குற்றத்தின் கொடூரத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகம் மட்டுமே.