மூன்று செல்லங்கள், ஒரே தாள்: வரிசையா, முக்கோணமா, தனித்தனித் தலைகளா?

வீட்டுச் செல்லங்கள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கேட்கும்போது, எது எங்கே உட்காரப்போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அண்மையில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய், ஒரு கறுப்புப் பூனை, ஒரு செவலை நாய்க்குட்டி மூன்றையும் ஏ3 தாளில் பென்சிலாலும் கரியாலும் வரைந்தேன். முக்கோண அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டேன்.

தலைகளை மட்டும் தனித்தனியாக வரைவது சுலபம். புகைப்படங்கள் வெவ்வேறு நாளில் எடுத்தவையாக இருந்தாலும் உறுத்தாது. இப்போது உயிரோடு இல்லாத நாயையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றும் ஒன்றாக வளர்ந்தவை என்ற உணர்வு அதில் வராது.

வரிசைக்கு நல்ல முன்னோடி, குதிரைகளை வரைந்து பேர்பெற்ற ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். 1762 வாக்கில் பெண் குதிரைகளையும் குட்டிகளையும் பின்னணியே இல்லாமல் வரிசையாகத் தீட்டினார். பெரிய குதிரைகள் ஏறத்தாழ ஒரே உயரம் என்பதால் முதுகுக் கோடு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடுகிறது. என் மூன்றுக்கும் அது பொருந்தாது. ராஜபாளையத்தின் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ.; வீட்டுப் பூனைக்கு 25 செ.மீ. சுமார். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பூனையின் தலைக்கு மேல் பெரிய வெற்றிடம் விழும்.

முக்கோணத்தில் அந்த உயர வித்தியாசமே கைகொடுக்கிறது. நாய் பின்னால் நிமிர்ந்து உட்காரும், பூனை முன்னால் இடப்பக்கம், குட்டி வலப்பக்கம் படுத்திருக்கும். மூன்று ஜோடிக் கண்களும் மூன்று மட்டத்தில் வந்துவிடும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில் பெரிய ஆண் யானையின் அடியில் குட்டிகளைச் செதுக்கியிருக்கிறார்களே, அதைப் போய் நிதானமாகப் பாருங்கள். ஒன்றை ஒன்று மறைப்பதால்தான் அவை கூட்டமாகத் தெரிகின்றன.

ஆனால் என்னை முக்கோணத்தின் பக்கம் சாய்த்தது ரோமமும் ரோமமும் சந்திக்கும் ஓரம். வரிசையில் ஒவ்வொரு விலங்கின் ஓரமும் வெறும் தாளில் முடியும். வெள்ளை நாய்க்கு அது ஆபத்து: கோடு போட்டால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் நிற்கும், போடாவிட்டால் தாளோடு கரைந்துவிடும். கறுப்புப் பூனையை நாயின் மார்புக்கு முன்னால் உட்கார வைத்ததும் இரண்டுக்குமே கோடு தேவைப்படவில்லை. பூனையின் காது ரோமத்தை உள்ளிருந்து வெளியே இழுத்து, நாயின் மார்புக்குள் நுனி மெலியும்படி விட்டேன். காதுக்குப் பின்னால் மட்டும் லேசான சாம்பல் நிழல்.

பூனையின் மீசைதான் வேலை வாங்கியது. கறுப்பு முகத்தில் வெள்ளையாகத் தெரிவது, நாயின் வெள்ளை மார்பைத் தொட்டதும் காணாமல் போகும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலிலேயே தாளில் பள்ளக்கோடு இழுத்துவிட்டு, மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கோடு வெள்ளையாக நிற்கும். அதற்காகவே மார்பின் அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் சாம்பல் ஏற்ற வேண்டியிருந்தது.

முக்கோணத்துக்கு ஒரு விலை உண்டு. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுவதால் மூன்று புகைப்படங்களிலும் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வர வேண்டும். வராதபோது படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். குட்டியின் ஒரு காதில் வெள்ளைத் திட்டு இருந்தால் அது மறுகாதுக்குப் போய்விடும், வளர்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். நிழலை மாற்றி வரைவதே மேல்.

இரண்டு கறுப்பு நாய்கள் என்றால், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரத்தில் கோடே தேவைப்படாத சாதகம் பெரும்பகுதி போய்விடும். அங்கே வரிசையையே யோசிப்பேன். ஐந்துக்கு மேற்பட்ட கூட்டத்தை நான் வரைந்ததில்லை, வண்ணத்திலும் அனுபவம் குறைவு. எத்தனை இருந்தாலும், தீப்பெட்டி அளவில் சில சிறு படங்கள் போட்டு, கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் நிரப்பிப் பாருங்கள். ஒரே அடர்த்தி உள்ள இரண்டு ஒட்டிக்கொண்டால் இடத்தை மாற்றுங்கள். அந்தக் கட்டத்தில் மாற்ற ஒரு நிமிடம் போதும்.