பிக்மென்ட் என்று சொல்லி டை இங்க் தள்ளுகிறார்கள், கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடுபவர்கள் கவனம்

11,800 ரூபாய். ஆறு பாட்டில் இங்க்குக்கு நான் கொடுத்த காசு, மொத்தமும் போச்சு. கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பிரிண்ட் போடும் நண்பர்கள் தயவுசெய்து படியுங்கள்.

சாதாரண கலர் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால், சாம்பல் நிறத்துக்குக் கலர் இங்க்குகளையும் கலந்துதான் அடிக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சாயல், டியூப்லைட்டில் வேறு சாயல். நம்ம ஊர் மூடுபனிப் படங்களில் இது அப்பட்டமாகத் தெரியும், படம் முழுக்கவே சாம்பல்தானே. அதனால்தான் கறுப்பும் அதன் சாம்பல் படிகளும் மட்டுமே உள்ள கார்பன் பிக்மென்ட் செட்டைத் தேடினேன். அது நீரில் கரையாத கரித்துகள், லேசில் மங்காது. டை இங்க் நீரில் கரையும் சாயம், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் மங்கிவிடும். ஊட்டி இந்துநகர் பிலிம் பேக்டரி கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்த மலை இது. இன்று ஒரு பாட்டில் நல்ல இங்க்குக்கு ஆன்லைனில் முகம் தெரியாத ஆளை நம்ப வேண்டியிருக்கிறது.

ரீஃபில் இங்க் விற்கும் கடை அது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. போனில் பேசிய தம்பி, "அண்ணா, இப்போ காசே அனுப்ப வேண்டாம், முதல்ல சாம்பிள் பிரிண்ட்டைப் பாருங்க" என்றார். கூரியரில் வந்தது. மேட் பேப்பரில் ஒரு பாட்டியின் முகம். கன்னத்துச் சுருக்கங்களின் நிழலுக்குள்ளும் விவரம் தெரிந்தது. ஜன்னலோரம், பல்புக்குக் கீழே, எங்கே பிடித்தாலும் அதே கறுப்பு. ஈர விரலால் தேய்த்தும் அசையவில்லை. அன்று மாலையே 11,800-ஐ அனுப்பினேன். இப்படி ஒரு சாம்பிளைப் பார்த்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஒரு ஹோம்ஸ்டே வரவேற்பறைக்கு லாங்வுட் சோலையும் கோடநாடு பள்ளத்தாக்கும் பெரிய அளவில் போட்டுக் கொடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படங்கள் மழைக்காலம் முடிவதற்குள் செம்பழுப்பாகிவிட்டன. வாடிக்கையாளர் அவற்றைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

அப்புறம்தான் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை ஈர டிஷ்யூவில் விட்டுப் பார்த்தேன். கறுப்பு பரவப் பரவ ஓரத்தில் ஊதா, அதைத் தாண்டி நீலம், ஒரு பக்கம் ரோஸ் என்று தனித்தனியாகப் பிரிந்தது. கார்பன் அப்படிப் பிரியவே பிரியாது. சுத்தமான டை இங்க். சாம்பிள் போட்டது ஒன்று, பாட்டிலில் அடைத்தது வேறு!

கேட்டால், முதலில் "பேப்பர் சரியில்லை". அப்புறம் "மலைக் குளிர்ல ஹெட் அடைச்சிருக்கும், நாசில் செக் போடுங்க". மங்கிய படத்துக்கும், ஹெட்டில் இங்க் தெளிக்கும் துளையான நாசிலுக்கும் என்ன சம்பந்தம்? டிஷ்யூ வீடியோவை அனுப்பியதும் "சீல் உடைச்ச பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்". அதுவரை அண்ணா, காசு கேட்டதும் சார். இப்போது புளூ டிக் மட்டும் விழுகிறது. 11,800 ரூபாய்க்கு பில் கேட்டதற்கும் பதில் இல்லை.

விவரமாக எழுத இப்போது மனசில்லை. சாம்பிள் பிரிண்ட்டை நம்பாதீர்கள், சாம்பிள் இங்க் கேளுங்கள். டிஷ்யூவில் சொட்டு விட்டுப் பாருங்கள். பிக்மென்ட் என்றால் நாள்பட நின்ற பாட்டிலின் அடியில் கொஞ்சமாவது படியும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் போட்டுவிட்டேன்.